சந்தில் ஒரு பொய்ச் சண்டை

தான் பராமரிக்கும் இத்தாலியக் கிழவி சிஞ்ஞோரா நின்ஃபாவின் வலது காலை மடியில் விரித்த துவாயின் மேல் வைத்து, புஸ்பவதி நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். எண்பத்தொன்பது வயதுக் கால் நகம் ஓடு மாதிரி இருக்கும். வெந்நீரில் நன்றாக ஊறவிட்டு நேராக வெட்ட வேண்டும், மூலையைத் தோண்டக் கூடாது. நீரிழிவு உள்ளவரின் காலில் சின்னக் கீறல் ஒன்று விழுந்தால் மாதக்கணக்கில் மருந்து கட்ட வேண்டிவரும். அதனால் கதவு மணி அடித்தபோது அவள் உடனே எழும்பவில்லை. பெருவிரலை முடித்த பிறகுதான் நகவெட்டியைக் கீழே வைத்தாள்.

மணி விடாமல் அடித்தது. கதவைத் திறந்ததும் டிலக்ஷி உள்ளே வந்து விழுந்தாள். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

"கதவைப் பூட்டுங்கோ அன்ரி. வாறார்."

புஸ்பவதி பூட்டினாள். யார் வருவது என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. டிலக்ஷிக்கு இருபத்திரண்டு வயது. ஜெயரூபனைக் கட்டிப் பலெர்மோவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு தங்கும் விடுதியில் அறை துப்புரவு செய்கிறாள். வியாழக்கிழமைப் பின்னேரங்களில், முதியவர்களைப் பராமரிக்கும் தமிழ்ப் பெண்கள் கடற்கரைப் பூங்காவில் கூடியிருப்பார்கள். அங்கேதான் புஸ்பவதி அவளை அறிந்தது. ஒரு தடவை மணிக்கட்டில் வெந்த காயத்தோடு வந்தாள். 'அயர்ன் பட்டிட்டுது' என்றாள். அயர்ன் அப்படிச் சுடாது என்று புஸ்பவதிக்குத் தெரியும். மருந்து போட்டுவிட்டாள், வேறு ஒன்றும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் மணி மறுபடி அடித்தது, இந்தத் தடவை ஒரே ஒரு முறை, மெதுவாக. புஸ்பவதி சங்கிலியைக் கழற்றாமல் இடுக்கால் பார்த்தாள்.

"அன்ரி, சுகமே? டிலக்ஷி இஞ்சாலை வந்தவளோ?" ஜெயரூபன் சிரித்துக்கொண்டு நின்றான். வெள்ளைச் சட்டை, வாரிய தலை. கோயில் திருவிழாவுக்குக் கதிரை அடுக்குவதும் வயதானவர்களைக் காரில் ஏற்றி இறக்குவதும் அவன்தான். அவனைப்பற்றி ஒருவரும் ஒரு சொல் குறைவாகச் சொன்னதில்லை.

"இல்லைத் தம்பி. இஞ்சை ஒருத்தரையும் எடுக்கிறேல்லை. சிஞ்ஞோராவின்ரை மகளுக்குத் தெரிஞ்சால் என்ரை வேலை போயிடும்."

"அது ஓம் அன்ரி. சின்னப் பிரச்சினை, கோவத்திலை ஓடியிட்டாள். இந்தச் சந்துக்குள்ளைதான் திரும்பினவள். வருவாள்தானே. நான் இருக்கிறன்."

இருந்தான். எதிர்ச் சுவரடியில் ஸ்கூட்டரை நிறுத்தி, அதன்மேல் சாய்ந்து, கதவைப் பார்த்தபடி இருந்தான். அந்த வீட்டுக்கு வேறு வாசல் இல்லை. ஒரு கதவு, கம்பி போட்ட ஒரு யன்னல், இரண்டும் சந்தைப் பார்த்தபடி.

 வேலை போய்விடும் என்று புஸ்பவதி அவனிடம் சொன்னது பொய்யில்லை. வேலைக்கு வந்த முதல் நாளே சிஞ்ஞோராவின் மகள் விரலை நீட்டிச் சொன்ன சட்டம் அது. வேலை போனால் ஒப்பந்தம் போகும், ஒப்பந்தம் போனால் தங்கும் அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க முடியாது. ஐம்பத்தெட்டு வயதில் விசுவமடுவுக்குத் திரும்பிப் போய் யாரிடம் கை நீட்டுவது?

"யார் இவள்?" என்று சிஞ்ஞோரா கேட்டாள்.

புஸ்பவதி தனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னாள். கணவன். அடி. வெளியே நிற்கிறான்.

சிஞ்ஞோரா டிலக்ஷியை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தன் இடது காலை நீட்டினாள். "சரி. மற்றக் கால்?"

அன்று பகல் முழுவதும் அவன் போகவில்லை. இருட்டிய பிறகு அவனுடைய ஒன்றுவிட்ட தம்பி வந்து இருந்தான். விடிய மறுபடி இவன். பொலிசைக் கூப்பிடலாமா என்று இரண்டு பெண்களும் பேச்சுக்குக்கூட எடுக்கவில்லை. கணவன் கூப்பிட்டு வந்த மனைவியின் பெர்மெஸ்ஸோ கணவனோடு ஒட்டியது, அவன்மேல் முறைப்பாடு கொடுத்தால் குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலகம் அவளைத்தான் விமானத்தில் ஏற்றும் என்று பூங்காவில் எல்லாரும் சொல்வார்கள். அப்படி ஏற்றப்பட்ட ஒருத்தியை யாரும் கண்டதில்லை. ஆனாலும் அது அவர்களுக்குச் சட்டமாகவே இருந்தது. அவளுடைய பாஸ்போர்ட்டும் அவனிடம்தான்.

டிலக்ஷி சிஞ்ஞோராவின் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் நிலத்தில் இருந்தாள். சந்தில் ஸ்கூட்டர் உறுமினால் முழங்காலுக்குள் தலையைப் புதைப்பாள். கழிப்பறைக்குப் போகவும் குனிந்தே போனாள், யன்னலால் தெரிந்துவிடுமென்று. புஸ்பவதி அவளுடைய உடம்பைத் துடைத்துவிட்டு, சூப்பைக் கரண்டியால் ஊட்டினாள். வலது கையை அந்தப் பெண்ணால் தூக்க முடியவில்லை. மகள் பின்னேரம் தொலைபேசியில் கூப்பிட்டபோது, சிஞ்ஞோரா வழக்கம்போல முழங்கால் வலியைப்பற்றியும் மீன் விலையைப்பற்றியும் கதைத்துவிட்டு வைத்தாள். 

"அவன் எங்கே சாய்ந்து நிற்கிறான் தெரியுமா?" என்றாள் சிஞ்ஞோரா, யன்னலைப் பார்த்தபடி. "அந்த ஓட்டைக்கு நேர் கீழே."

புஸ்பவதிக்கு அந்த ஓட்டை தெரியும். எதிரே இருப்பது கான்ச்சா தேவாலயத்தின் பக்கச் சுவர். அதில் ஒரு துவாரமும் மேலே எழுத்து வெட்டிய கல்லும் இருந்தன. சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு தினமும் அதைக் கடக்கிறாள். என்ன ஓட்டை என்று கேட்டதில்லை. குப்பை போடாமல் இருந்தால் சரி என்பது அவள் எண்ணம்.

"நாளை மறுநாள் ஏப்ரல் நாலு. ஆயிரத்து எண்ணூற்று அறுபதில், அந்த நாள், இந்தத் தேவாலயத்து மடத்துக்குள்ளிருந்து ராஜாவுக்கு எதிராக எழும்பினார்கள். ஒரு குழாய் வேலைக்காரன்தான் தலைவன். காலை விடிவதற்குள் முடிந்துவிட்டது. பிடிபட்ட பதின்மூன்று பேரைச் சுட்டார்கள். இரண்டு பேர் மட்டும் தப்பி, கீழே நிலவறையில் பிரேதங்களுக்கு நடுவில் ஒளிந்திருந்தார்கள். நாட்கணக்கில், சாப்பாடு இல்லாமல். இந்தச் சந்தில் பட்டாளம். அவர்கள் உள்ளிருந்து சுவரைத் தோண்டினார்கள்."

"சத்தம் கேட்டிருக்குமே?"

"அதற்குத்தான் பெண்கள். இந்தச் சந்துப் பெண்கள் இரண்டாகப் பிரிந்து சண்டை பிடித்தார்கள். மயிர் பிடித்து, செருப்பெடுத்து. பட்டாளத்துக்காரர் எல்லாரும் வேடிக்கை பார்க்கப் போய்விட்டார்கள். அந்த இரண்டு பேரும் ஓட்டையால் இறங்கி, வைக்கோல் வண்டிக்குள் படுத்துப் போய்விட்டார்கள். என் கொள்ளுப்பாட்டி அந்தச் சண்டையில் இருந்தவள். இங்கே பாதிச் சனம் அப்படித்தான் சொல்லும். ஆனால் என் கொள்ளுப்பாட்டி உண்மையாகவே இருந்தாள்."

ராஜாவுக்கு எதிராக அதற்கு முன்பும் ஒரு தடவை எழும்பினார்களாம், ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தெட்டில். அந்த வருடம் ஐரோப்பா முழுக்கச் சிம்மாசனங்கள் ஆடின, முதல் ஆட்டியது பலெர்மோ என்று சிஞ்ஞோரா பெருமையடித்தாள்.

"எங்கடை நாட்டிலும் அந்த வருடம் ஒன்று நடந்தது," என்றாள் புஸ்பவதி. எட்டாம் வகுப்பில் பாடமாக்கியது திடீரென்று வாய்க்கு வந்தது. "மாத்தளையில். ஆங்கிலேயன் நாய்க்கும் வரி, துவக்குக்கும் வரி போட்டான். எழும்பின ஆளைச் சுட்டார்கள்."

"நாய்க்கு வரியா!" சிஞ்ஞோராவுக்கு அது பிடித்துவிட்டது. "நீங்களும் அப்போ எங்கள் மாதிரித்தான்."

புஸ்பவதி செருப்பெடுத்த பெண்களை யோசித்துக்கொண்டிருந்தாள். பிறகு குசினிக்குள் போய்ப் புனிதமலருக்குத் தொலைபேசி எடுத்தாள்.

புனிதமலர் மன்னார்க்காரி. பகேரியாவில் ஒரு வீட்டில் வேலை. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போவாள், அங்கேயுள்ள கன்னியாஸ்திரிகளோடு நல்ல பழக்கம். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, சிஸ்டரிடம் கதைத்து, திரும்ப எடுத்தாள்.

"அக்கா, அடிபட்ட பொம்பிளையளை வைச்சிருக்கிற வீடொண்டு இருக்காம். எங்கை எண்டு சிஸ்டர் சொல்ல மாட்டா. மஜோனே சதுக்கத்துக்குக் காரோடை வருவா. அதுவரைக்கும் பிள்ளை நடந்து வரவேணும். போன வருசம் புதுச் சட்டமும் வந்ததாம், அடிக்கிற புருசன்ரை பெர்மெஸ்ஸோ இல்லாமல் தனியக் குடுப்பினமாம்."

"உது சும்மா கதை."

"சும்மாவோ என்னவோ, முதல்லை பிள்ளையை வெளியாலை எடுப்பம். நாளைக்கு வியாழன்தானே, பின்னேரம் வாறன். எதைப்பற்றிச் சண்டை பிடிக்கிறது?"

"உன்ரை கிரைண்டர் கோப்பை வெடிச்சதெண்டு பிடி."

"என்ரை கோப்பை வெடிக்கேல்லையே."

"பொய்ச் சண்டைதானே, விசரி."

வியாழக்கிழமை சந்தில் வெயில் நேராக விழுந்தது. டிலக்ஷிக்குச் சிஞ்ஞோராவின் கறுப்புக் கோட்டைப் போட்டு, தலைக்குத் துணி கட்டி, கடைக்குக் கொண்டுபோகும் சில்லுப் பையைக் கையில் கொடுத்தாள் புஸ்பவதி. சத்தம் பெருத்ததும் இடப்பக்கம் திரும்பி நட, ஓடாதே, திரும்பிப் பாராதே என்றாள். டிலக்ஷி கோட்டின் பொத்தானைக் கழற்றப் பார்த்தாள். "ஏலாது அன்ரி. பார்த்திட்டால் கொல்லுவார்." புஸ்பவதி சிஞ்ஞோராவின் நாற்காலியை யன்னலடிக்குத் தள்ளிப் பிரேக் போட்டாள். 

"எடி புஸ்பவதி! வெளியாலை வாடி!" புனிதமலர் சந்தில் நின்று கத்தினாள்.

புஸ்பவதி வெளியே வந்தாள். கதவைச் சாத்தினாள், பூட்டவில்லை.

"என்னடி, தெருவிலை நிண்டு கத்துறாய்?"

"கத்தாமல்? என்ரை கிரைண்டரைக் கொண்டுபோய்க் கோப்பையை வெடிக்க வைச்சிட்டு, துடைச்சு மினுக்கித் தந்திருக்கிறாய். எனக்கென்ன கண் பொட்டையோ?"

"வாங்கேக்கையே அது வெடிச்சதுதான். நான் மிளகாய்தான் அரைச்சனான். உன்ரை கல்லு மாதிரி உழுந்து வடையைப் போட்டிருந்தால்தான் வெடிச்சிருக்கும்."

"என்ரை வடைக்கு என்னடி குறை? கல்யாண வீட்டிலை அஞ்சு திண்டனி!"

மேலே இரண்டு பால்கனிக் கதவுகள் திறந்தன. யாரோ சிரித்தார்கள். ஜெயரூபனும் சிரித்தான். ஆனால் ஸ்கூட்டரை விட்டு அசையவில்லை. அவனுடைய கண் இவர்களைத் தாண்டிக் கதவிலேயே இருந்தது.

"தம்பி, நீரே சொல்லும்!" என்று புனிதமலர் அவன் பக்கம் திரும்பினாள்.

"எனக்கேன் அன்ரி உங்கடை கோப்பைப் பிரச்சினை," என்றான் அவன், கதவைப் பார்த்தபடியே.

 அவர்கள் கத்தினார்கள், ஆனால் அதில் சூடு இல்லை. கோயில் விழாவில் பிள்ளைகள் நாடகம் போடுவதுபோல இருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் பால்கனிகளும் மூடிவிடும். கதவு மெல்ல ஒரு விரல் அளவு திறந்து, திரும்ப மூடியது. அவன் பார்த்தானா? அவன் சாய்வை விட்டு நிமிர்ந்தான்.

அப்போது புனிதமலர் குரலைத் தாழ்த்தினாள்.

"கோப்பை கிடக்கட்டும். என்ரை வீட்டைத் தா."

"என்ன?"

"இந்த வீடு ஆரின்ரை? இந்தச் சிஞ்ஞோரா ஆரின்ரை? சொல்லு."

 இது பேசிவைத்ததில் இல்லை. இவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி ஊருக்குப் போவதென்றால் தான் வேலை செய்யும் வீட்டில் பதிலுக்கு இன்னொருத்தியை விட்டுப் போவாள். போனவள் வந்ததும் இருந்தவள் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். எழுத்தில் இல்லை, ஆனால் மீறுகிறவளை யாரும் அடுத்த தடவை கூப்பிட மாட்டார்கள். இந்த வீட்டு வேலை முதலில் புனிதமலருடையது. தாயின் செத்த வீட்டுக்கு அவள் மன்னாருக்குப் போனபோது புஸ்பவதி வந்தாள். திரும்பி வந்தபோது சிஞ்ஞோரா, எனக்கு இவள் பழகிவிட்டாள் என்றாள். புனிதமலர் பரவாயில்லை அக்கா என்று சிரித்தாள். அதற்குப் பிறகு இருவரும் அதைப்பற்றி ஒரு வார்த்தை கதைத்ததில்லை.

"நான் கேக்கேல்லை. அவதான் இரு எண்டவ."

"அவ சொன்னால்? உனக்கு வாய் இல்லையோ? மாட்டன் எண்டு சொல்ல ஏலாதோ? அம்மாவைப் புதைச்சிட்டு வந்து, பெட்டியோடை இந்தக் கதவிலை நிண்டனான். நீ என்ரை ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வந்து திறந்தனி. உள்ளை வா எண்டுகூடக் கேக்கேல்லை."

"எனக்கு வேறை போக்கிடம் இருந்ததோடி?"

"எனக்கு இருந்ததோ? காலமை ரயிலிலை நிண்டு நிண்டு பகேரியாவுக்குப் போனன் நான். உன்னைப் பூங்காவிலை காணேக்கை எல்லாம் சிரிச்சன். சிரிச்சுச் சிரிச்சு வாய் நொந்தது."

புனிதமலர் அழுதாள். அது நடிப்பில்லை. புஸ்பவதிக்கும் கோபம் தலைக்கு ஏறியது. "பிள்ளையைப் பறிகுடுத்திட்டு வந்தவள் நான், உன்னட்டை வீட்டைப் பறிக்கவோ வந்தனான்?" என்று கத்தினாள். அந்த நேரம் டிலக்ஷி என்று ஒருத்தி இருப்பதே அவளுக்கு மறந்துவிட்டது.

ஜெயரூபன் ஸ்கூட்டரை விட்டு விலகினான். இந்தக் கதை பூங்காவிலும் கோயிலிலும் எல்லாரும் வாய்க்குள் மென்றது. அதற்குத் தீர்ப்புச் சொல்லும் இடம் தானாகத் தன் காலடிக்கு வந்தால் எந்த ஆம்பிளை விடுவான்? இருவருக்கும் நடுவில் வந்து நின்றான். அவன் முதுகு கதவைப் பார்த்தது.

"அன்ரிமார், கொஞ்சம் பொறுங்கோ. சனம் பாக்குது. புனிதம் அன்ரி, நீங்கள் போகேக்கை திரும்பி வருவன் எண்டு சொல்லித்தானே விட்டனீங்கள்?"

"ஓம் தம்பி. மாதா சத்தியமா."

கதவு திறந்தது. கறுப்புக் கோட்டோடு ஒரு குனிந்த உருவம் படியில் இறங்கியது. சில்லுப் பை கல்லுத் தரையில் கடகடவென்றது. சந்து முழுவதும் அந்தச் சத்தம்தான் கேட்பதாகப் புஸ்பவதிக்குத் தோன்றியது. டிலக்ஷியும் கேட்டிருப்பாள். சந்தின் நடுவில், அவனுக்கு நாலு எட்டுப் பின்னால், மரம்போல் நின்றுவிட்டாள்.

யன்னலிலிருந்து சிஞ்ஞோரா சிசிலியனில் கத்தத் தொடங்கினாள். வெட்கம் கெட்டவர்களே, என் சந்தில் என்ன கூத்து, உங்கள் தாய்மார் உங்களை எங்கே பெற்றார்கள்! ஜெயரூபனின் தலை சத்தம் வந்த பக்கம் திரும்பப் போனது.

புஸ்பவதி அவனுடைய வலது கையை இரண்டு கையாலும் பிடித்தாள். கட்டிலிலிருந்து விழப்போகிறவரைப் பிடிக்கும் பிடி அது, முழங்கைக்குக் கீழே, விரலைப் பூட்டி. "தம்பி, என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லும். நான் பிழையோ?"

அவன் இழுத்தான். அவள் விடவில்லை. அந்தக் கை எவ்வளவு பாரம் என்று அப்போது தெரிந்தது. அவன் அவள் முகத்தைப் பார்த்தான். வயதானவளின் கண்ணில் உண்மையான கண்ணீர்.

"சொன்னால் கோவிக்கக் கூடாது அன்ரி. நீங்கள் பிழைதான். சாவியைக் குடுத்திருக்க வேணும்."

அவன் தோளுக்குப் பின்னால் கறுப்புக் கோட்டு அசைந்தது. சில்லு உருளும் சத்தம் இல்லை. டிலக்ஷி பையை இடது கையால் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். மூலையில் திரும்பினாள்.

புஸ்பவதி கையை விட்டாள். அவளுடைய விரல்கள் நெடுநேரம் விரியவில்லை.

புனிதமலரின் தொலைபேசி ஒரு தடவை அடித்து நின்றது. சிஸ்டரின் அடையாளம். அவள் முகத்தைத் துடைத்தாள், புஸ்பவதியைப் பாராமல் சந்தை விட்டுப் போனாள்.

"சமாதானமாப் போங்கோ அன்ரி," என்று சொல்லிவிட்டு ஜெயரூபன் தன் ஸ்கூட்டருக்குத் திரும்பினான். வெறும் வீட்டைக் காவல் காக்க மறுபடி சாய்ந்தான்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் புனிதமலர் எடுத்தாள்.

"பிள்ளை சேர்ந்திட்டுது. ஆனால் வாய் திறக்கிறாள் இல்லையாம். சிஸ்டர் சொல்லுறா, காயம் மாறமுதல் பாத்த ஆள் ஒருத்தர் பொலிசுக்குச் சொல்லவேணுமாம். இல்லாட்டில் அவன் நல்ல பெடியன் எண்டுதான் எல்லாரும் சொல்லுவினம். உண்மைதானே, நீங்கள்தானே பாத்தது."

"நான் சீருடைக்காரருக்கு ஒண்டும் சொல்ல மாட்டன் புனிதம்."

"தெரியும்."

அதற்குக் காரணமும் புனிதமலருக்குத் தெரியும். போர் முடிந்த நாட்களில், முகாம் வாசலில், இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவர்களும் பெயரைக் கொடுங்கள், விசாரித்துவிட்டு விடுவோம் என்று இராணுவத்தினர் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். புஸ்பவதி நம்பினாள். தன் மகன் ஜசிந்தனைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், தானே பெயர் சொல்லி, பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். அந்த பஸ் எங்கே போனதென்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.



"அக்கா, நான் இண்டைக்குச் சொன்னது எல்லாம் நடிப்பில்லை."

"தெரியும்," என்றாள் புஸ்பவதி.

அன்றிரவு சிஞ்ஞோராவைப் புரட்டிப் படுக்கவைக்க எழும்பும் நேரங்களுக்கு இடையிலும் அவள் விழித்தே இருந்தாள்.

மறுநாள், ஏப்ரல் நாலு காலை, சந்துக்குள் வாத்தியம் கேட்டது. நகரசபைக்காரர் ஓட்டைக்கு மாலை வைக்க வந்திருந்தார்கள். கழுத்துப் பட்டி போட்ட ஒருவர், பள்ளிப் பிள்ளைகள், இரண்டு நகரப் பொலிஸ். ஜெயரூபனை ஸ்கூட்டரை எடுக்கச் சொன்னார்கள். அவன் பணிவாகச் சிரித்து, எட்டத் தள்ளி நிறுத்திவிட்டு, கைகட்டி நின்றான். கண் கதவில்.

புஸ்பவதி சிஞ்ஞோராவைக் கழுவித் துடைத்து, நல்ல சட்டை போட்டு, நாற்காலியில் இருத்தி வெளியே தள்ளிக்கொண்டு வந்தாள். சீருடையைக் கண்டதும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். பொலிசில் ஒருத்தி பெண், நாற்பது வயதிருக்கும். புஸ்பவதி அவள் அருகில் நாற்காலியை நிறுத்தினாள்.  ஜெயரூபன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சிஞ்ஞோராவுக்கு ஒரு உதவி வேண்டும்," என்றாள். "வீட்டுக்குள்ளே. தயவுசெய்து வாருங்கள்."

"எனக்கா?" என்று கேட்ட சிஞ்ஞோரா, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆமாம், எனக்குத்தான். சீக்கிரம்," என்றாள்.

மூவரும் உள்ளே போனதும் புஸ்பவதி கதவைச் சாத்திப் பூட்டினாள். பொலிஸ்காரி என்ன விஷயம் என்றாள். வெளியே வாத்தியம் முழங்கியது. எங்கே தொடங்குவதென்று புஸ்பவதிக்குத் தெரியவில்லை. பிறகு, வேலை மாறும்போது அடுத்து வருகிறவளிடம் நோயாளியை எப்படி ஒப்படைப்பாளோ, அப்படித் தொடங்கினாள். டிலக்ஷியின் தலையிலிருந்து. இடது காதுக்குப் பின்னால் வீக்கம். கழுத்தில் விரல் பதிந்த நீலம், வலப்பக்கம். வலது தோளை உயர்த்த முடியாது. மணிக்கட்டில் பழைய சூடு, ஆறியது. முதுகில் மஞ்சளாக மாறிய அடி, அதன்மேல் புதியது. பொலிஸ்காரி தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எழுதத் தொடங்கினாள். புஸ்பவதி சொல்லிச் சொல்லி இடுப்புக்கு வந்திருந்தாள்.